மூன்றாம் ஓலை

கேட்டுவிட்டுப் பெண் ஐயர் கொஞ்சம் நிறுத்தினார்கள். அந்த நிறுத்தத்தில்தான் எனக்கு விளங்கியது. வார்த்தையில் அல்ல. இந்த ஊர் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபடும், வாய்க்குள்ளேயே பேசி வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும். ஐம்பது வருஷமாக எங்கள் கிருபாபுரம் கோயிலில் அதற்குள் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பக்கம் பாஸ்டரை ஐயர் என்போம். ஐயர் கல்யாண ஓலையைக் கையில் பிடித்து, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்ப்பார். அப்போது பெண்கள் பக்கத்தில் விசிறிகள் நிற்கும். இருமல் வந்தவர்கள் அடக்கிக்கொள்வார்கள், இருமினால் எல்லாத் தலையும் திரும்புமே. இங்கேயும் முன் பெஞ்சுக் கிழவர் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்தினார், பார்த்தேன். மூன்று ஞாயிறாக வாசிக்கிற அதே இரண்டு பேர். ஒரு கேள்வி. ஒரு நிறுத்தம். ராபின் ஆஷ்பி. ஹெப்சிபா ஞானராஜ். என் வலது பக்கத்தில், கோட்டு என் தோளில் உரச உட்கார்ந்திருக்கிறாளே என் எப்சி, அவளுக்கு ஓலை. அதுவும் மூன்றாம் ஓலை, இதற்குப் பிறகு கல்யாணம்தான். தாய் பக்கத்தில் இருக்க, தாய்க்குத் தெரியாமல். நிறுத்தம் முடிந்துவிட்டது, நான் மூச்சை இழுத்து விடுவதற்குள். பெண் ஐயர் எங்கள் பெஞ்சைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு சின்ன ஜெபம் சொன்னார்கள், எல்லோரும் ஆமென் என்றார்கள், என் வாய் திறக்கவில்லை. போன ஞாயிறு திறந்தது. அதற்கு முந்தின ஞாயிறும் திறந்தது, முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகைக்கிற அளவுக்குச் சத்தமாக. ஏனென்றால் முதல் ஞாயிறு அவள் பேர் காதில் விழுந்ததும் அவள் கையைத் தட்டி, "ஏட்டி, உன் பேரையில்லா வாசிக்காங்க, எதுக்கு?" என்று கேட்டேன். "ஜெபத்துக்கும்மா," என்றாள். "ஜெபக் குறிப்பு குடுத்திருந்தேன்." எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூட இன்னொரு பேர் வந்ததே என்று கேட்கத் தோன்றவில்லை, ஜெபக் குறிப்பில் யார் யார் பேரோ வரும். அன்றைக்குச் சாயங்காலமே தங்கச்சி சுகிர்தத்துக்குப் போன் போட்டு, எப்சி பேரைச் சொல்லி வெள்ளைக்காரச் சபை முழுக்க ஜெபம் பண்ணுச்சு தெரியுமா என்று பீற்றிக்கொண்டேன். பொய் சொல்ல வேறு எதுவும் கிடைக்கவில்லையா என் பிள்ளைக்கு. வேலை விஷயம், வீட்டு விஷயம் என்று ஆயிரம் இருக்கிறது. ஜெபத்தை எடுத்துப் போர்த்தினாளே. அதற்கு நான் ஆமென் போட்டேனே.

பிரசங்கம் தொடங்கிவிட்டது. இன்றைக்கு நற்கருணை. மேஜையில் பாத்திரத்தை வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், வேண்டுதல்கள், அதற்குப் பிறகு ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுவது, அதற்கும் பிறகு வரிசையாக எழுந்து முன்னால் போய் முழங்கால் போடுவது. எங்கள் ஊரில் சமாதானத்துக்குக் கை கூப்புவோம், இங்கே கை கொடுக்கிறார்கள். அந்த இடம் வந்ததும் நான் எப்சி பக்கம் திரும்பிச் சமாதானம் சொல்ல வேண்டும். சொல்லாமல் நற்கருணைக்குப் போனால் அது எனக்கு ஆக்கினைத்தீர்ப்பு. மனசில் இல்லாமல் வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அதைவிட ஆக்கினை. பதினாறு வயதில் திடப்படுத்தல் எடுத்து முதல் அப்பம் வாங்கினதிலிருந்து, இரண்டு பேறுகாலம் தவிர, ஒரு நற்கருணை விட்டதில்லை. இவள் அப்பா இறந்த அந்த வாரம்கூட இவளையும் மகன் பென்னட்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு போய் முழங்கால் போட்டேன். கையில் அப்பத்தை வாங்கும்போது யார் மேலும் ஒன்றுமில்லை ஆண்டவரே என்று சொல்ல முடிந்தது. இன்றைக்கு என்ன சொல்லுவேன். உட்கார்ந்தே இருந்துவிடுவேனோ. இந்தச் சபை முழுக்க என்னைத் தாண்டிப் போய்வர, பொண்ணுக்குத் தாய் பெஞ்சில் குத்துக்கல்லாக இருந்தாள் என்று ஆகுமோ. ஆகட்டும். இல்லை, ஆகக் கூடாது. தெரியவில்லை. பிரசங்கம் இருபது நிமிஷம் ஓடும். அதற்குள் என் நெஞ்சை என்ன செய்ய.

விதைக்கிறவன் என்று ஒரு வார்த்தை மட்டும் பிடிபட்டது, மற்றதெல்லாம் கல்லில் பட்டுக் கரைகிறது. காலுக்குக் கீழே தரையும் கல், சாக்ஸைத் தாண்டிக் குளிர் ஏறுகிறது. என் கண் தானாக மேலே போகிறது, பீடத்துக்கு முன்னால் இருக்கிற பெரிய வளைவுக்கு, அதற்கு மேல் சுவரில் இருக்கிற படத்துக்கு. நியாயத்தீர்ப்பு. கல்லறைகளிலிருந்து ஆட்கள் உடுப்பில்லாமல் எழும்புகிறார்கள், ஒரு பக்கம் தூதன் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறான், மறுபக்கம் சங்கிலி போட்டு இழுக்கிறார்கள். செம்மண்ணும் கரியும் குழைத்துப் பூசின மாதிரி மங்கல். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எப்சி என்னை இழுத்துக்கொண்டு போய் இதன் கீழேதான் நிறுத்தினாள். "ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா இந்தப் படத்துக்கு. ராஜா சட்டம் மாறினதும், கோயில்ல படமே கூடாதுன்னு சுண்ணாம்பு அடிச்சு மூடிட்டாங்க. இப்ப நூறு வருஷத்துக்கு முன்னாலதான் சுரண்டிக் கண்டுபிடிச்சாங்க." அப்போதுதான் அந்த ஆள் பக்கத்தில் வந்து நின்றான். நாற்பது வயது இருக்கும், காதோரம் நரை, நகக்கண்ணில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. "இவர் ராபின்மா. கோயில்ல கல்வேலை பாக்கிறவர்." கொத்தனார் என்று புரிந்துகொண்டேன். அவன் ஏதோ மெதுவாகச் சொல்ல, எப்சி தமிழில் சொன்னாள்: "சுண்ணாம்பு அடிச்சதாலதான் படமே மிஞ்சிச்சாம்மா. அப்படியே விட்டிருந்தா புகையும் ஈரமும் தின்னிருக்குமாம்." நான் தலையை ஆட்டினேன், ஆகா, பெண்கள் ஐக்கியத்தில் சொல்ல நல்ல விஷயம் என்று. இப்போது யோசிக்கிறேன், அதை அவள் எதற்காக அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மூலை காட்டினாள். வடக்குச் சுவரில் கல் வைத்து அடைத்த வாசல், ஞானஸ்நானத்தின்போது பிசாசு வெளியே போகத் திறந்து வைப்பார்களாம், அப்படி ஒரு பேச்சு. தூணுக்குப் பின்னால் சுவருக்குள்ளேயே ஏறுகிற படிக்கட்டு, பன்னிரண்டு படி ஏறினால் ஒன்றுமில்லை, வெறும் காற்று. முன்னொரு காலத்தில் அங்கே மரத்தில் ஒரு மேல்தளமும் சிலுவையும் இருந்ததாம், அதைப் பிடுங்கினவர்கள் படியை மறந்துவிட்டார்கள். பக்கத்துச் சின்ன அறையிலிருந்து பீடத்தைப் பார்க்கச் சுவரில் சாய்வாகக் குடைந்த துவாரம், நான் குனிந்து பார்த்தேன், ஒரு மெழுகுவர்த்தியில் பாதி தெரிந்தது. நான் எப்போதெல்லாம் எதையாவது கேட்க வாயெடுத்தேனோ அப்போதெல்லாம் ஒரு தூணைக் காட்டினாள். போன ஞாயிறு நானே ஒன்று கண்டுபிடித்தேன். நடு வாசலில் நின்று பார்த்தால் பீடத்து அறை நேராக இல்லை, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. "கவனிச்சிட்டீங்களே! ஆண்டவர் சிலுவையில தலையைச் சாய்ச்ச மாதிரின்னு சொல்லுவாங்கம்மா," என்றாள் எப்சி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ராபின் சிரித்தான். அப்படி இல்லையாம். பழைய பீடத்தறை சின்னதாக இருந்ததாம், அதற்குள் ஆராதனை நடந்துகொண்டே இருந்ததாம், அதை நிறுத்த மனசில்லாமல் அதை நடுவில் விட்டு, சுற்றிப் புதுச் சுவரை எழுப்பினார்களாம். நடுவில் பழசு நின்றதால் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்க்க வழியில்லை. முடிந்த பிறகு பழசை இடித்து வெளியே எடுத்தார்கள், அப்போதுதான் கோணல் தெரிந்தது. நானும் சிரித்தேன். எங்க ஊர்க் கொத்தனார்களும் இப்படித்தான் என்றேன், எப்சி அதைச் சொல்ல அவன் இன்னும் சிரித்தான். மூன்று பேரும் சிரித்தோம். அந்தப் பழைய பீடத்தறை நான்தான். உள்ளே எனக்கு ஆராதனை நடந்துகொண்டிருந்தது, என்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஏழு வாரம் ஆயிற்று நான் வந்து. முதல் நாலு ஞாயிறும் என்னை டவுனில் நடக்கிற தமிழ் ஆராதனைக்குக் கூட்டிப்போனாள், இரண்டு பஸ் மாறி. இந்தக் கோயில் அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஏன் முதலிலேயே இங்கே வரவில்லை என்று நான் கேட்கவே இல்லை. ஓலை வாசிக்கிற ஞாயிறு வந்ததும், "எண்ணூறு வருஷத்துக் கோயிலும்மா, நீங்க கண்டிப்பா பாக்கணும்," என்றாள். எனக்கென்ன, கோயில் என்றால் எந்த ஊர்க் கோயிலும் கோயில்தான். உள்ளே வந்ததும் எங்கள் கிருபாபுரம் கோயிலுக்குள் வந்த மாதிரியே இருந்தது, அதே கூர் வளைவு, அதே நீள ஜன்னல், எங்கள் கோயிலைக் கட்டின வெள்ளைக்கார ஐயர் தன் ஊர் ஞாபகத்தில் கட்டியிருப்பார் போல. அன்றைக்கு ஆராதனை முடிந்து பின்னால் காப்பி கொடுக்கிற இடத்தில் கிழவிகள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். இந்த டாரத்தி அம்மாள், இடுப்பு வளைந்தவர்கள், நற்கருணைக்கு ஒவ்வொரு பெஞ்சாக எழுப்பிவிடுகிற வேலை அவர்களுக்கு, என் இரண்டு கையையும் பிடித்து, "யூ மஸ்ட் பி வெரி ஹாப்பி," என்றார்கள். "வெரி ஹாப்பி, தேங்க்யூ, தேங்க்யூ," என்றேன் நான். மகளைப் பார்க்க வந்த சந்தோஷத்தைக் கேட்கிறார்கள் என்று. எல்லோருக்கும் தெரியும். கேக் வெட்டித் தந்த அம்மாளுக்குத் தெரியும், ஆர்கன் வாசிக்கிற கிழவருக்குத் தெரியும். பொண்ணோட அம்மா இந்தியாவிலிருந்து வந்திருக்காங்க, எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாருங்க. என் மகள் தனக்கு என்னையே சாட்சியாகக் கூட்டிவந்து உட்கார்த்தியிருக்கிறாள். அப்புறம் அந்தப் பட்டு. "வெள்ளையில ஜரிகை வச்சு ஒரு பட்டு எடுத்துட்டு வாங்கம்மா, கூட வேலை பாக்கிற சிநேகிதிக்குக் கல்யாணம், ஏறக்குறைய என் உயரந்தான் இருப்பா." திருநெல்வேலியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். யாரோ ஒரு பிள்ளை நல்லா இருக்கட்டும் என்று அதன் மேல் கை வைத்து ஜெபம் பண்ணித்தான் பெட்டியில் வைத்தேன். அப்புறம் பென்னட். என் மகன். போன வாரம் போன் பண்ணி, "அம்மா, உங்க டிக்கெட்ட ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுட்டேன்," என்றான். "எதுக்குப்பா, வாழைக்குத் தண்ணி விட ஆளில்லையே," என்றேன். "அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன், எப்சி கூட நல்லா இருந்துட்டு வாங்க," என்றான். குரல் கொஞ்சம் கரகரத்தது, சளி என்றான். அவனுக்கும் தெரியும். என் வயிற்றில் பிறந்தது இரண்டு, இரண்டும் ஒன்றாகக் கயிறு பிடித்திருக்கிறது. போன மாசம்கூட சாயர்புரத்து வரன் ஒன்று சொன்னேன், பையன் காலேஜில் வாத்தியார், முப்பத்தெட்டு வயது, குடும்பமே ஜெபக் குடும்பம். எப்சி வெங்காயம் உரித்துக்கொண்டே, "பாப்போம்மா," என்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் என்று நினைத்தேன். என்னத்தைப் பார்ப்பாள். எம்.எஸ்ஸி. நர்சிங் படித்தவள், ஒரு வார்டையே நடத்துகிறவள், கொத்தனாரைப் பார்த்து வைத்திருக்கிறாள். நம் ஆண்டவரும் தச்சர்தான், எனக்குத் தெரியாதா. ஆனால் அவரை யாரும் மாப்பிள்ளை பார்க்கப் போகவில்லையே. ஐயோ, மன்னியும் ஆண்டவரே. என்ன நினைப்பு இது, கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு.

எல்லோரும் எழுந்தார்கள். விசுவாசப் பிரமாணம். நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன், வாய் தானாகப் போகும், பாவமன்னிப்பும் என்ற இடத்தில் நின்றுவிட்டது. பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்தால், ஒரு மனக்குறை ஞாபகத்துக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று வசனம் இருக்கிறதே. இருபது நிமிஷமாக அந்த வசனத்தைத்தான் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு இவள் மேல் குறை, எனக்கு இவள் மேல் குறை என்று. ஆனால் வசனம் அப்படி இல்லை. ஞாயிறு பள்ளியில் இருபது வருஷம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் சொல்லிக்கொடுத்த வசனம். எனக்கு யார் மேல் குறை என்று அது கேட்கவில்லை. என் மேல் யாருக்குக் குறை என்று கேட்கிறது. வேண்டாம். இப்போது அது வேண்டாம். முட்டி வலிக்கிறது, பெஞ்சின் முனையில் செதுக்கின மரப்பூவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேண்டுதல்கள் வாசிக்கிறார்கள், நோயாளிகள் பேர், இது உண்மையான ஜெபக் குறிப்பு, அதில் எப்சி பேர் இல்லை. எட்டு வருஷம் ஆயிற்று. வேண்டாம் என்றால் போக மாட்டேன் என்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நீலப் பூப்போட்ட சேலை, கையில் ஒரு சீப்புப் பழம், ஐயர் வீட்டுக்குப் போனேன். எப்சிக்கும் எபனேசருக்கும் மறுநாள் முதல் ஓலை. எபனேசர் நல்ல பையன், எங்கள் பாடகர் குழுவில் பாடுவான், ஒரே சபை, ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுக்கிறோம். ஆனால் அவர்கள் நம்ம ஆட்கள் இல்லை. கோயிலில் ஒன்றாக முழங்கால் போடலாம், பெண் கொடுக்க முடியுமா, என் அண்ணன்மார் என்ன சொல்லுவார்கள், நாளைக்குப் பென்னட்டுக்கு யார் பெண் தருவார்கள். எப்சியிடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், சண்டையில் யார் ஜெயிப்பார்களோ. சரிம்மா, உன் இஷ்டம் என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு ஐயரிடம் போய், இந்த ஓலையை வாசிக்காதீங்க ஐயா, ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப் போடுங்க, நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம் என்றேன். ஐயர் பழத்தைப் பார்த்துக்கொண்டே, "யோசிச்சுத்தான் சொல்லுதீங்களாம்மா?" என்றார். "ஜெபம் பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன்," என்றேன். ஜெபம் பண்ணித்தான் போனேன். மறுநாள் எப்சி மஞ்சள் சேலை கட்டி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐயர் ஓலை வாசிக்க எழுந்தார். மூன்று ஜோடிக்கு வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் முதுகு நிமிரும், வேறு பேர் வந்ததும் தணியும். கடைசி ஓலை முடிந்து அவர் தாளை மடித்தபோது அவள் என் பக்கம் திரும்பினாள், "என்னம்மா?" என்பது போல. நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எபனேசர் வீட்டில் அவமானமாகப் போயிற்று, பத்திரம் சரியில்லை என்று ஐயர் சொன்னதை அவன் அப்பா நம்பவில்லை, ஒரு மாசத்தில் எல்லாம் முறிந்தது. ஆறாம் மாசம் எப்சி இங்கே வேலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆண்டவர் சித்தம் என்று எல்லோரிடமும் சொன்னேன். இந்த வெள்ளைக்காரனை யாரும் என்ன ஆட்கள் என்று கேட்க மாட்டார்கள், அதுவும் எனக்குத் தெரிகிறது, என் அண்ணன்மாரே சூட்டுக்கோட்டு போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். இவனுக்குக் கேட்காததை அவனுக்கு ஏன் கேட்டேன். இல்லை, இதெல்லாம் வேறு. நான் செய்தது அவள் நன்மைக்கு. அவள் செய்தது எனக்குத் துரோகம். இல்லையா. இரண்டும் ஒன்றாகுமா. நான் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்தே சும்மா இருந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்தே சும்மா இருந்தாள். ஆண்டவரே, இதை இப்போது ஏன் இப்படி அடுக்கிக் காட்டுகிறீர்.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பெண் ஐயர் இரண்டு கையையும் விரித்துச் சமாதானம் என்றார்கள், அவ்வளவுதான், பெஞ்சுகளெல்லாம் கலைந்து ஒருவருக்கொருவர் கை கொடுக்க ஆரம்பித்தார்கள். முன் பெஞ்சுக் கிழவர் திரும்பி எனக்குக் கை கொடுத்தார், கை ஐஸ் மாதிரி. பின் பெஞ்சிலிருந்து ராபின். அவன் கை நீட்டவில்லை, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான், சரியாக நெஞ்சுக்கு நேராக, முதல் ஞாயிறு நான் கூப்பினதைப் பார்த்து வைத்திருக்கிறான். என் கை தானாகக் கூப்பிவிட்டது. அது அவனுக்குத்தானே, போகட்டும். பிறகு எப்சி பக்கம் திரும்பினேன். அவள் கையை நீட்டவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்பம்மா தெரிஞ்சுது?"

"இப்பத்தான். கேட்டுட்டு நிறுத்தினாங்கல்லா, அப்ப."

"திட்டணும்னா திட்டிருங்கம்மா. வீட்டுக்குப் போய் வேண்டாம். இங்கயே திட்டிருங்க, ஒருத்தருக்கும் புரியாது."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். இருபது நிமிஷமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது, ஜெபத்தைப் போர்த்தினாயே என்பது முதற்கொண்டு. வந்தது வேறு. "அன்னைக்கு எபனேசர் ஓலையை நிறுத்தினது நான்தான்ட்டி," என்றேன்.

"தெரியும்மா."

எங்களைச் சுற்றி எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது. "எப்படித் தெரியும்?"

"அன்னைக்குச் சாயங்காலமே ஐயர் வீட்டம்மா கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. அழுதாங்க."

எட்டு வருஷம். ஞாயிறு தவறாமல் போன். சாப்பிட்டியா, குளிர் எப்படி இருக்கு, எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்கம்மா. எட்டு வருஷமும் தெரிந்துகொண்டே பேசியிருக்கிறாள். நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்ததை அவள் அந்தப் பக்கத்திலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது. இதிலும் என்னை ஏமாற்றிவிட்டாளே என்று.

"ஏன்ட்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா, ஜெபம் பண்ணிட்டுத்தான் போனேன்னு சொல்லுவீங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அதைக் கேட்டுட்டா அப்புறம் எனக்கு ஜெபமே வராதுன்னு பயமா இருந்துச்சு."

சொல்லியிருப்பேன். அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பேன்.

"இந்த ஓலை வாசிக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கணும்னு நெனச்சேன். மூணு வாரமும். அவ்வளவுதாம்மா. சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டீங்க."

"வந்திருக்க மாட்டேன்," என்றேன்.

பாட்டு தொடங்கிவிட்டது, சமாதானம் முடிந்துவிட்டது, எல்லோரும் தங்கள் இடத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் கை கொடுக்கவில்லை. பாட்டு முடிந்து நீண்ட ஜெபம் முடிந்து அப்பத்தைப் பிட்டார்கள். முன் வரிசை எழுந்து போயிற்று, அடுத்த வரிசை, அதற்கடுத்தது. டாரத்தி அம்மாள் எங்கள் பெஞ்சுக்கு வந்து வளைந்த இடுப்போடு குனிந்து, "கமிங், டியர்?" என்றார்கள். எப்சி எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தாள், ஏழு வாரமாக அவள்தான் சொல்லுவாள். நான் முந்திக்கொண்டேன். "நாட் டுடே," என்றேன். அவர்கள் என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள். எப்சி போகட்டும் என்று முட்டியை ஒதுக்கி வழிவிட்டேன். அவள் போகவில்லை. ராபின் மட்டும் தனியாக எழுந்து நடந்து போனான், போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அந்தச் சாய்ந்த அறைக்குள் அவன் முழங்கால் போடுவது இங்கிருந்து தெரிந்தது. செருப்பு, பூட்ஸ், கைத்தடிச் சத்தம், சபை முழுக்க எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"நீ போயிருக்கலாம்லா."

"நீங்க இங்க இருக்க நான் எப்படிம்மா போவேன்."

பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். "என்னைக்குக் கல்யாணம்?"

"வார சனிக்கிழமை. பதினோரு மணிக்கு."

டிக்கெட் அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைக்கு. பென்னட் கணக்காகத்தான் போட்டிருக்கிறான். கோபம் அப்படியே இருந்தது, எடுத்து வெளியே வைக்க முடியாமல். சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கிறது. ஆறு நாளில் இவளுக்கு என் மேல் உள்ளதும் எனக்கு இவள் மேல் உள்ளதும் தீருமா, தெரியவில்லை. சமையற்கட்டில் நின்று பேச வேண்டும், நிறைய, அழுகையும் சத்தமுமாக. பேசிப் பழக்கமில்லை எங்கள் இரண்டு பேருக்கும்.

"நம்ம கோயில்னா கல்யாணத்துலயே பொண்ணு மாப்பிள்ளைக்கு நற்கருணை குடுப்பாங்க," என்றேன். "இங்க உண்டா?"

"எல்லாருக்கும் கிடையாதும்மா. கேட்டா உண்டு."

"கேளு," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கும் சேர்த்துக் கேளு."